கணினி உயிரியலில் எந்தப் பக்கம் போவது?

"ஆல்ஃபாஃபோல்ட் வந்தாச்சே, இனி புரதத்துல என்ன மிச்சம் இருக்கு? பேசாம சிங்கிள் செல் பக்கம் போயிடட்டுமா?"

ஆல்ஃபாஃபோல்ட் என்பது புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள். இந்தக் கேள்வி வெவ்வேறு வடிவங்களில் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. உயிரியல் படித்துவிட்டு பைத்தானைத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவர்கள் ஒரு வகை. கணினியோ புள்ளியியலோ படித்துவிட்டு, செல்லுக்குள் என்ன நடக்கிறது என்ற ஆர்வத்தில் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் இன்னொரு வகை. முதுகலை ஆய்வுக்கோ பிஎச்டிக்கோ ஒரு துறையைப் பிடித்தாக வேண்டிய கட்டத்தில் இரு தரப்புமே முதலில் கேட்பது, இப்போது எதற்கு மவுசு என்பதைத்தான்.

அதற்குப் பதில் சொல்லி ஒரு பயனும் இல்லை. நீங்கள் சேர்ந்து, ஆய்வேட்டைக் கொடுத்து வெளியே வர நாலைந்து வருடமாகும். 2018-இல் சேர்ந்து, புரத அமைப்பைக் கணிக்கப் புதிய முறை ஒன்றை உருவாக்கத் தொடங்கியவரின் மனநிலை, ஆல்ஃபாஃபோல்ட் ஜெயித்த 2020 கடைசியில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மவுசை விட்டுவிட்டு வேறு நாலு கேள்விகளைக் கேட்கலாம் என்பது என் கட்சி.

## எதை வைத்து எடைபோடுவது

டேட்டா யார் கையில் இருக்கிறது? பொதுவில் கிடைக்கிறதா, விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டுமா, பக்கத்து லேப்பில் ஒருவர் சோதனை செய்து தந்தால்தான் உண்டா? உங்கள் பிஎச்டியின் நீளத்தைப் பெரும்பாலும் இதுதான் முடிவு செய்யும்.

நாள் முழுக்கக் கை என்ன செய்யும்? பேப்பரில் வரும் படங்களைப் பார்த்து ஆசைப்படுகிறோம். அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் எட்டு மாதம் கோப்பு வடிவங்களை மாற்றுவதிலோ, சமன்பாடுகளோடு மல்லுக்கட்டுவதிலோ, ஜிபியு (பெரிய கணக்குகளை வேகமாகப் போடும் சிப்) கிடைக்கக் காத்திருப்பதிலோ போயிருக்கும்.

ஐந்து வருடம் கழித்து என்ன மிஞ்சும்? நீங்கள் கற்ற மென்பொருள் செத்துப்போனால் கையில் என்ன இருக்கும்?

தப்பு செய்தால் எப்போது தெரியும்? நான்கில் இதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். யாரும் கேட்காத கேள்வியும் இதுதான்.

குழாயும் ரசாயனமுமாக வேலை நடக்கும் வெட் லேப்பில் சோதனை சொதப்பினால் பல நேரம் குழாயிலேயே தெரிந்துவிடும். கணினி அப்படியில்லை. தப்பான உள்ளீட்டைக் கொடுத்தாலும் அழகான வரைபடம் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிடும். ஒருமுறை நான் விசிஎஃப் கோப்பிலிருந்து மரபணு மாறுபாடுகளை எடுத்து பெட் கோப்பாக மாற்றினேன். இரண்டும் டிஎன்ஏவில் இடங்களைக் குறித்து வைக்கும் கோப்பு வடிவங்கள். விசிஎஃப்பில் இடங்களை 1-லிருந்து எண்ணுவார்கள், பெட்டில் 0-விலிருந்து. ஒன்றைக் கழிக்க மறந்துவிட்டேன். எல்லா இடங்களும் ஓர் எழுத்து தள்ளிப் போயின. எந்த எர்ரரும் வரவில்லை. வந்த வரைபடத்துக்கு மூன்று வாரம் உட்கார்ந்து உயிரியல் விளக்கமெல்லாம் எழுதினேன். பிறகு ஏதோ சந்தேகத்தில் ஒரே ஒரு இடத்தை ஜீனோமில் (டிஎன்ஏவின் முழு எழுத்து வரிசை) திறந்து பார்த்தபோதுதான், என் பட்டியலில் 'சி' என்று இருந்த இடத்தில் அங்கே 'ஏ' இருப்பதைக் கண்டேன். அடுத்த இடத்திலும் பொருந்தவில்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. அதுவரை நான் எழுதிய விளக்கம் மட்டும் கனகச்சிதமாகப் பொருந்தியிருந்தது!

சில துறைகள் இப்படிப்பட்ட தப்பை ஒரே நாளில் முகத்தில் அடித்துச் சொல்லிவிடும். சில துறைகள் நாலு வருடம் வாயைத் திறக்காது. அவசரமாக இருப்பவர்கள் கீழே உள்ள அட்டவணையைப் பார்த்துவிட்டு, தங்களுக்கு வேண்டிய பகுதிக்குப் போகலாம்.

| துறை | டேட்டா | தப்பு தெரிய | கணினிச் செலவு |
|---|---|---|---|
| மனித ஜீனோம் | விண்ணப்பம், காத்திருப்பு | மாதங்கள். மறுபரிசோதனை கட்டாயம் | அதிகம் |
| ஒற்றைச் செல் | கூட்டாளி லேப், பொதுத் தொகுப்புகள் | மிகத் தாமதம் | நடுத்தரம். மெமரி நிறைய வேண்டும் |
| புரத அமைப்பு, வடிவமைப்பு | பெரும்பாலும் பொதுவில் | கணிப்பில் சீக்கிரம், அசைவில் தாமதம் | ஜிபியு, மிக அதிகம் |
| பரிணாம மரம், நோய்க்கிருமி | பொதுவில் | பழைய காலத்துக்குத் தெரியவே தெரியாது. கிருமிக்கு வாரங்கள் | குறைவு |
| நுண்ணுயிர்க் கூட்டம் | பொதுவில் ஏராளம் | வருடங்கள் | நடுத்தரம் |
| கணித மாதிரிகள் | கட்டுரைகளில் சிதறிக் கிடக்கும் | அடுத்த சோதனை வரை | குறைவு |
| அல்காரிதம், கருவி | பொதுவில் | அன்றைக்கே | குறைவு முதல் நடுத்தரம் |

## மனித ஜீனோம்: பொறுமைசாலிகளுக்கு

1990-இல் தொடங்கிய மனித ஜீனோம் திட்டம் 2003-இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. உண்மையில் ஏறத்தாழ 8 சதவீதம் விடுபட்டிருந்தது. அதையும் நிரப்பிய வரிசை 2022-இல்தான் வெளிவந்தது. சுமார் 310 கோடி எழுத்துகளைப் படிப்பது இன்று பெரிய விஷயமில்லை. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையே உள்ள லட்சக்கணக்கான வித்தியாசங்களில் எது எந்த நோயோடு சம்பந்தப்பட்டது என்று பிரித்தறிவதுதான் இப்போதைய வேலை.

இதன் மைய முறை, ஜிவாஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஜீனோம் தழுவிய தொடர்பு ஆய்வு. நோய் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டு, எந்த மாறுபாடு நோயோடு சேர்ந்து வருகிறது என்று ஜீனோம் முழுக்கத் தேடுவார்கள். இந்தத் துறையை நான் மதிக்கும் காரணம் ஒன்று உண்டு. ஆரம்ப காலத்தில் சிறு சிறு குழுக்களை வைத்து 'இந்த நோய்க்கு இந்த ஜீன்' என்று அறிவித்த பல முடிவுகள் அடுத்த குழுவில் காணாமல் போயின. சூடுபட்ட பிறகு விதிகளை இறுக்கிக்கொண்டார்கள். ஒரு மாறுபாட்டை ஏற்க, தற்செயலாக அப்படி அமையும் வாய்ப்பு 2 கோடியில் 1-க்கும் கீழே இருக்க வேண்டும். ஜீனோம் முழுக்கச் சுமார் 10 லட்சம் தனித்தனிச் சோதனைகள் செய்கிறோம் என்று கொண்டு, வழக்கமான வரம்பான 0.05-ஐ அதால் வகுத்து வந்த எண் அது. அதோடு, வேறொரு குழுவிலும் அதே முடிவு வர வேண்டும். அதனால் தப்பு கொஞ்சம் தாமதமாகவாவது பிடிபட்டுவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள் கொஞ்சம் கனமானவை. யுகே பயோபேங்கில் 5 லட்சம் பேரின் தகவல் இருக்கிறது. ஆனால் இந்த மாதிரித் தொகுப்புகளுக்கு விண்ணப்பம், நெறிமுறைக் குழு அனுமதி, ஒப்பந்தம் என்று வரிசையாகக் கடக்க வேண்டும். பல இடங்களில் டேட்டாவை வெளியே தரவே மாட்டார்கள். அவர்களுடைய கணினிக்குள் போய்த்தான் வேலை செய்ய வேண்டும், அந்த நேரத்துக்குக் கட்டணமும் உண்டு. பெரிய கூட்டமைப்பில் சேர்ந்தால் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் உங்கள் பெயரைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கும். எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கும் ரெஃபரன்ஸ் ஜீனோமில் 2009-இல் வந்த பதிப்பும் 2013-இல் வந்ததும் இன்றும் சேர்ந்தே புழங்குகின்றன. ஒன்றின் முகவரியை இன்னொன்றில் தேடினால் வேறு வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 2007-இல் எஃப்டிஓ என்ற ஜீனுக்குள் இருக்கும் மாறுபாடுகள் உடல் பருமனோடு தொடர்புடையவை என்று ஜிவாஸ் காட்டியது. எல்லோரும் எஃப்டிஓவைத் துருவினார்கள். 2014, 2015-இல் வந்த ஆய்வுகள், அந்த மாறுபாடுகள் கட்டுப்படுத்துவது தொலைவில் இருக்கும் ஐஆர்எக்ஸ்3, ஐஆர்எக்ஸ்5 என்ற ஜீன்களை என்று காட்டின. ஒரு புள்ளியிலிருந்து அதன் காரணத்துக்குப் போக ஏழெட்டு வருடம். மாறுபாடுகளில் பெரும்பாலானவை புரதத்தைக் குறிக்காத பகுதிகளில் இருப்பதால் இந்தக் கதை திரும்பத் திரும்ப நடக்கிறது.

புள்ளியியலில் உண்மையான பிடிப்பு இருந்தால், பொறுமையும் இருந்தால், இது நல்ல தேர்வு. இதுவரை ஆராயப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களை வைத்துக் கணக்கிட்ட நோய் அபாய மதிப்பெண்கள் மற்ற மக்களிடம் சரியாக வேலை செய்வதில்லை. வேறு மக்கள் குழுக்களின் டேட்டா உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்றால் தயங்கவே வேண்டாம்.

## ஒற்றைச் செல்: அழகான படங்கள் ஜாக்கிரதை

பழைய முறையில் ஒரு திசுவை அரைத்து, அதிலுள்ள எல்லாச் செல்களின் சராசரியைத்தான் அளக்க முடிந்தது. பழங்களையெல்லாம் மிக்ஸியில் போட்டு அடித்துவிட்டு, உள்ளே என்னென்ன இருந்தது என்று கேட்பது மாதிரி. ஒரே ஒரு செல்லின் ஆர்என்ஏவை (எந்த ஜீன்கள் இயங்குகின்றன என்று காட்டும் மூலக்கூறு) வரிசைப்படுத்தும் முறை 2009-இல் வந்தது. உடலின் செல் வகைகள் அனைத்தையும் வரைபடமாக்கும் மனித செல் அட்லஸ் என்ற பன்னாட்டு முயற்சி 2016-இல் தொடங்கியது. இன்று சியூரட், ஸ்கேன்பை போன்ற கருவிகளை வைத்து ஒரு மாணவர் ஒரே வாரத்தில் ஒத்த செல்களை வண்ண வண்ணத் தீவுகளாகத் தொகுத்துக் காட்டும் யுமேப் படத்தைப் போட்டுவிடலாம்.

சிக்கலே அங்கேதான். படம் வருவது அவ்வளவு சுலபம் என்பதால் வேலை முடிந்தது போல ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. அந்தத் தீவுகளுக்கு இடையே உள்ள தூரத்துக்குப் பெரிதாக அர்த்தம் இல்லை. அமைப்பு எண்களைக் கொஞ்சம் திருகினால் தீவுகள் இடம் மாறும், ஒட்டும், பிரியும். ஒரு 'புதிய செல் வகை' கிடைத்தால், செல்களைத் தனித்தனியே அடைக்கும்போது இரண்டு செல்கள் ஒரே துளியில் மாட்டிக்கொண்டு ஒரே செல்லாகப் பதிவானதா என்று முதலில் பார்க்க வேண்டும். எஃப்ஓஎஸ், ஜேயுஎன் போன்ற ஜீன்களின் இயக்கம் ஏறியிருந்தால், அது நோயின் விளைவா, அல்லது திசுவைப் பிரிக்க நொதியில் ஊறவைத்தபோது செல்கள் பட்ட அவஸ்தையா என்று கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பொல்லாத தப்பை எண்களோடு சொல்கிறேன். நோயாளிகள் 3 பேர், ஆரோக்கியமானவர்கள் 3 பேர். ஒவ்வொருவரிடமிருந்தும் 5,000 செல்கள். மொத்தம் 30,000. மென்பொருளிடம் இரு தரப்பையும் ஒப்பிடச் சொன்னால், சில பொத்தான்கள் இந்த 30,000 செல்களையும் 30,000 தனி ஆதாரங்களாக எடுத்துக்கொள்ளும். பி-மதிப்பு (தற்செயலாக அப்படி அமையும் வாய்ப்பு) தசமப் புள்ளிக்குப் பிறகு ஐம்பது சுழியங்களோடு வரும். மனசு குதூகலிக்கும். ஆனால் ஆட்கள் 6 பேர்தான். ஒரே ஆளின் 5,000 செல்களும் அதே உடம்பு, அதே வயது, அதே நாளில் அதே குழாயில் தயாரானவை. ஒவ்வொருவரின் செல்களையும் வகைவாரியாகக் கூட்டி, ஆளுக்கு ஒரு எண்ணாக்கி, ஆறு பேரை ஆறு பேராகவே ஒப்பிடுவதுதான் நியாயம். ஆட்களுக்கிடையிலான வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காத முறைகள், மாற்றமே இல்லாத ஜீன்களையும் மாறியதாகக் காட்டும் என்பதை 2021-இல் வெளியான ஓர் ஒப்பீடு தெளிவாக்கியது. அதற்கு முன் வந்த கட்டுரைகளில் எத்தனை இப்படி என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

ஆகவே 'தப்பு எப்போது தெரியும்' என்ற கேள்வியில் இந்தத் துறைக்கு நான் மிகக் குறைந்த மதிப்பெண்தான் போடுவேன். வேறொருவர் அந்தச் செல்லைப் பிரித்தெடுத்து, நுண்ணோக்கியில் பார்த்து, 'இல்லை' என்று சொல்லும்வரை நீங்கள் சொன்னதுதான் உண்மை.

இன்னும் சில செலவுகள். முறைகள் மாறும் வேகம் மூச்சு வாங்கவைக்கும். முதல் வருடம் எழுதிய பைப்லைனை மூன்றாம் வருடம் ரிவ்யூவர் பழசு என்பார். தீவுகளுக்குப் பெயர் வைக்கிற வேலை இருக்கிறதே, அது கணினி வேலையே இல்லை. அந்தத் திசுவை ஆயுள் முழுக்கப் பார்த்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'இந்த ஜீன் வந்தால் அது இந்தச் செல்லாக இருக்க முடியாதே' என்று சொல்ல வேண்டும், வாரக்கணக்கில். அப்படி ஒருவர் உங்கள் லேப்பிலேயே இருந்தால் ஒற்றைச் செல்லைப் போல உற்சாகமான துறை வேறு இல்லை. ஆள் இல்லை, பொதுத் தொகுப்பை இறக்கி நானே பார்த்துக்கொள்கிறேன் என்றால், எனக்கு உடன்பாடு இல்லை.

(கொசுறாக ஒரு விஷயம். ஜீன் பட்டியலை எக்செல்லில் திறக்காதீர்கள். 'செப்ட்2', 'மார்ச்1' என்ற ஜீன்களை அது செப்டம்பர், மார்ச் தேதிகளாக மாற்றிவிடும். 2016-இல் ஒரு கணக்கெடுப்பில், எக்செல் ஜீன் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. மென்பொருளைத் திருத்த முடியாமல் 2020-இல் ஜீன்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள்.)

## புரதம்: 'முடிந்துபோன' துறையா?

புரதத் தரவு வங்கி 1971-இல் தொடங்கியபோது அதில் 7 அமைப்புகள் இருந்தன. இன்று 2 லட்சத்துக்கும் மேல். அவை ஒவ்வொன்றும் யாரோ மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் படிகம் வளர்த்தோ வேறு வழியிலோ கண்டுபிடித்தவை. அந்தச் சேமிப்பின் மீதுதான் ஆல்ஃபாஃபோல்ட் எழுந்தது. 2022-இல் 20 கோடிக்கும் அதிகமான கணிப்புகள் பொதுவில் வைக்கப்பட்டன. 2024-இல் டேவிட் பேக்கர், டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

இந்தத் துறைக்கு மற்றவர்களிடம் இல்லாத ஒரு பாக்கியம் உண்டு. 1994 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காஸ்ப் என்ற தேர்வு நடக்கிறது. சோதனையில் கண்டறிந்த, இன்னும் வெளியிடாத அமைப்புகளை மறைத்து வைத்துக்கொண்டு, புரதத்தின் அமினோ அமில வரிசையை மட்டும் கொடுத்து 'கணித்துக் காட்டு' என்பார்கள். விடை ஏற்கெனவே பெட்டியில் இருக்கிறது. யாரும் வாய்ஜாலம் காட்ட முடியாது. 2020-இல் ஆல்ஃபாஃபோல்ட் ஜெயித்ததை உலகம் ஒரே நாளில் நம்பியதற்குக் காரணம் இந்தத் தேர்வின் நேர்மைதான்.

சரி, மிச்சம் என்ன? நிறைய. கணிப்பு பொதுவாக ஒரு நிலையைத்தான் காட்டும். புரதம் அசையும், மடியும், இன்னொன்றோடு சேரும்போது வடிவம் மாறும். நிலையான வடிவமே இல்லாத பகுதிகள் ஏராளம். அங்கே ஆல்ஃபாஃபோல்ட் நூடுல்ஸ் மாதிரி ஒன்றை வரைந்து, எனக்கு நம்பிக்கையில்லை என்று குறைந்த மதிப்பெண்ணையும் போட்டுவிடும். ஒற்றை எழுத்துத் திரிபு புரதத்தைக் குலைக்குமா என்பதற்கு அது நேரடியாகப் பதில் தருவதில்லை. இயற்கையில் இல்லாத புரதத்தை வடிவமைப்பது தனி உலகம்.

அசைவைப் பார்க்க மூலக்கூறு இயக்க உருவகிப்பு இருக்கிறது, அதாவது அணுக்களின் நகர்வைக் கணினியில் அடி அடியாக ஓட்டிப் பார்ப்பது. 1977-இல் முதன்முதலாக ஒரு சின்னப் புரதத்தை இப்படி ஓட்டியபோது கிடைத்தது 9.2 பிக்கோ விநாடி அசைவு. (ஒரு விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் பிக்கோ விநாடி. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஃபெம்டோ விநாடி.) இன்றும் ஓர் அடிக்கு வழக்கமாக 2 ஃபெம்டோ விநாடிதான். ஒரு மைக்ரோ விநாடியைப் பார்க்க 50 கோடி அடிகள். அதற்குள் நடக்கும் சங்கதி உங்களுக்குத் தேவையானதாக இருந்தால் அதிர்ஷ்டம். இங்கே காஸ்ப் மாதிரி நடுவர் கிடையாது. அணுக்களுக்கிடையிலான விசையைச் சொல்லும் சமன்பாடு கொஞ்சம் பிசகினாலும் திரையில் புரதம் ரம்மியமாக ஆடிக்கொண்டிருக்கும். ஒரே துறையின் இரண்டு அறைகளில், ஒன்றில் தப்பு உடனே தெரியும், அடுத்ததில் தெரியாது.

செலவைப் பொறுத்தவரை, ஜிபியு இல்லாமல் இந்தப் பக்கம் வராதீர்கள். புதிய பெரிய மாடலைப் பயிற்றுவிக்கும் போட்டியில் பெருநிறுவனங்களோடு மோதுவதும் வீண். 2024 மே மாதம் ஆல்ஃபாஃபோல்ட் 3 கட்டுரை வந்தபோது அதன் நிரல் வெளியிடப்படவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு நவம்பரில்தான் வந்தது, அதுவும் கட்டுப்பாடுகளோடு. அடுத்தவர் கதவைத் திறக்கும் நேரத்தை நம்பி ஆய்வேட்டைத் திட்டமிட முடியாது. வடிவமைப்பில் இறங்கினால், நீங்கள் வடிவமைத்ததைத் தயாரித்துச் சோதிக்க ஒரு வெட் லேப் கட்டாயம். இயற்பியலோ வேதியியலோ படித்து, ஒரு குறிப்பிட்ட புரதக் குடும்பத்தின்மேல் பைத்தியமாக இருப்பவர்களுக்கு ஏற்ற இடம். ஆல்ஃபாஃபோல்டை அவர்கள் எதிரியாகப் பார்க்க மாட்டார்கள். வேலையின் முதல் படி இலவசமாகக் கிடைத்தது என்று அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

## பரிணாம மரங்களும் கிருமிகளும்

10 இனங்களை வேருள்ள மரமாக எத்தனை விதத்தில் அடுக்கலாம்? 3,44,59,425 விதத்தில். 20 இனங்களென்றால் 22 இலக்க எண். எல்லாவற்றையும் சோதிக்க முடியாது என்பதால்தான் இது கணினி அறிவியலாகிறது. கணக்கு பிடித்தவர்களுக்கு நல்ல தீனி.

ஆனால் கடந்த காலம் ஒரேயொரு முறைதான் நடந்தது. 50 கோடி வருடத்துக்கு முந்தைய கிளை எங்கே பிரிந்தது என்பதற்கு விடைத்தாள் கிடையாது. நாம் போடும் நம்பிக்கை மதிப்பெண்கள் நம் கணித மாதிரிக்குள் மட்டுமே செல்லும். நிச்சயமின்மையோடு நிம்மதியாகத் தூங்கத் தெரிந்தவர்கள் மட்டும் இந்தப் பாதியைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு பாதியான நோய்க்கிருமி ஜீனோமியல் நேரெதிர். சார்ஸ்-கோவ்-2 வைரஸின் ஜீனோம் சுமார் 29,900 எழுத்து. 2020 ஜனவரியில் முதல் வரிசை பொதுவெளிக்கு வந்தது. மாதத்துக்கு ஏறத்தாழ 2 எழுத்து வீதம் மாறிக்கொண்டிருந்ததை வைத்தே எந்தக் கிளை எங்கிருந்து எங்கே போகிறது என்று வரைந்தார்கள். 'இந்தக் கிளை மற்றவற்றை முந்தும்' என்று சொன்னால், சரியா தப்பா என்று சில வாரங்களில் தெரிந்துவிடும். சாதாரண மடிக்கணினியிலேயே பெரும்பாலான வேலை நடக்கும். வசதி குறைந்த இடத்திலிருந்து உலகத் தரமான ஆய்வு செய்ய இதைவிடத் தோதான துறை எனக்குத் தெரியவில்லை.

ஒரு கண்ணியை மட்டும் கவனியுங்கள். அதிகம் வரிசைப்படுத்தும் நாடு, கிருமி அங்கிருந்துதான் பரவியது போல மரத்தில் தெரியும். வெளிச்சம் இருக்கும் இடத்தில் சாவியைத் தேடுகிற கதை. அதோடு உங்கள் முடிவு ஒரு நாட்டின் பெயரைச் சொல்லும். அதை எழுதும்போது ஆய்வாளர் மட்டுமில்லை, அதிகாரிகளும் படிப்பார்கள்.

## நுண்ணுயிர்க் கூட்டம்

குடலில், மண்ணில், கடலில் இருக்கும் நுண்ணுயிர்களை வளர்க்காமலே, அவற்றின் டிஎன்ஏவை மொத்தமாகப் படிக்கும் துறை. 1977-இல் கார்ல் வூஸ் ரைபோசோம் ஆர்என்ஏ வரிசைகளை ஒப்பிட்டு ஆர்க்கியா என்ற தனிக் கிளையையே கண்டுபிடித்ததிலிருந்து இதன் வேர் தொடங்குகிறது. டேட்டா பொதுவில் கொட்டிக் கிடக்கிறது. பெயரில்லாத உயிரினங்கள் இன்னும் ஏராளம். அதனால் புதியவர்களை இது ஈர்க்கும்.

என் தயக்கத்துக்கு இரண்டு காரணம். ஒன்று, நாம் அளப்பது எண்ணிக்கையை இல்லை, விகிதத்தை. ஒரு பாக்டீரியா பெருகினால் மற்றவை எல்லாம் குறைந்தது போலத் தெரியும். அவை அப்படியே இருந்தாலும்கூட. இரண்டாவது, அசுத்தம். டிஎன்ஏ பிரித்தெடுக்கும் கிட்டிலேயே பாக்டீரியா டிஎன்ஏ இருக்கும். மாதிரியில் உயிர்கள் குறைவாக இருந்தால் நீங்கள் படிப்பது கிட்டின் ஜீனோமைத்தான். நஞ்சுக்கொடியில் தனி நுண்ணுயிர்க் கூட்டம் இருப்பதாக 2014-இல் ஒரு ஆய்வு சொன்னது. 2019-இல் கவனமான கட்டுப்பாடுகளோடு செய்த பெரிய ஆய்வு, ஆரோக்கியமான நஞ்சுக்கொடியில் அப்படி எதுவும் இல்லை என்றது. புற்றுநோய் ஒவ்வொன்றுக்கும் தனி நுண்ணுயிர்க் கைரேகை உண்டென்று 2020-இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை 2024-இல் திரும்பப் பெறப்பட்டது. மனித டிஎன்ஏ துண்டுகள் பாக்டீரியா என்று தவறாக அடையாளம் காணப்பட்டதும், தரவைச் சீராக்கிய விதமே செயற்கையான வேறுபாட்டைப் புகுத்தியதும்தான் சிக்கல். இடைப்பட்ட நாலு வருடத்தில் அந்தத் தரவை நம்பி ஆய்வு தொடங்கிய மாணவர்கள் இருந்திருப்பார்கள் இல்லையா?

வெற்றுக் கட்டுப்பாட்டு மாதிரி (உயிர்ப்பொருள் எதுவும் போடாமல் ஓட்டிப் பார்த்தது) இல்லாத தொகுப்பைத் தொடாதீர்கள். மண், கழிவுநீர், கடல் போல உயிர்கள் செறிந்த இடங்களில் வேலை செய்கிறீர்கள் என்றால் என் பயம் பாதி குறையும்.

## கணித மாதிரிகள்

1952-இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் நரம்பிழையில் மின்னோட்டம் ஓடுவதைச் சமன்பாடுகளில் எழுதினார்கள். கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தில் தீர்த்தார்கள். இன்றும் அந்தச் சமன்பாடுகள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. 'ஐந்து வருடம் கழித்து என்ன மிஞ்சும்' என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. 2012-இல் 525 ஜீன்கள் கொண்ட மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற பாக்டீரியாவை முழுச் செல்லாகவே கணினியில் ஓட்டிக் காட்டினார்கள்.

பலவீனம் என்னவென்றால், அளக்கப்படாத மாறிலிகள். பத்து மாறிலிகளைத் திருக விட்டால் எந்த வளைவையும் பொருத்திவிடலாம். வெளியான 455 மாதிரிகளை 2021-இல் திரும்ப ஓட்டிப் பார்த்தபோது ஏறத்தாழ பாதி, கட்டுரையில் இருந்த தகவலை மட்டும் வைத்து ஓடவில்லை. வகைக்கெழுச் சமன்பாடு பிடிக்கும், சின்ன அமைப்பு ஒன்றை அடியாழம்வரை புரிந்துகொண்டால் போதும் என்பவர்கள் வரலாம். வேலை வாய்ப்பு மற்றத் துறைகளைவிடக் குறுகலானது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

## அல்காரிதமும் கருவிகளும்

உரையைச் சுருக்க 1994-இல் வெளியான பரோஸ்–வீலர் மாற்றத்தை 2009-இல் பவ்டை, பிடபிள்யுஏ கருவிகள் டிஎன்ஏ துண்டுகளை ஜீனோமில் பொருத்தப் பயன்படுத்தின. கோடிக்கணக்கான துண்டுகளை இன்று சர்வசாதாரணமாகப் பொருத்துகிறோம் என்றால் அந்த யோசனையால்தான். ஒரு நல்ல கருவி ஆயிரக்கணக்கான ஆய்வுகளுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

தப்பு அன்றைக்கே தெரியும்: வேகம், மெமரி, துல்லியம் மூன்றையும் அளக்கலாம். (தன் கட்டுரையில் தன் கருவி தோற்றதாக இதுவரை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை என்பது வேறு கதை.) மறைந்த செலவு பராமரிப்பு. பிஎச்டி முடிந்து மூன்று வருடம் கழித்தும் 'இன்ஸ்டால் ஆகவில்லை' என்று மின்னஞ்சல் வரும். பதில் எழுத நேரம் ஒதுக்குபவருக்குப் பதவி உயர்வு எதுவும் கிடையாது. ஒதுக்காதவரின் கருவி செத்துவிடும். கணினி அறிவியல் பின்னணி உள்ளவர்கள் இங்கே தொடங்கினால் மற்ற ஆறு துறைகளுக்கும் பிறகு போகலாம். எதிர்த்திசையில் வருவது கஷ்டம்.

## இன்னும் முடிவாகவில்லையென்றால்

இரண்டை மட்டும் மிச்சம் வையுங்கள். ஒவ்வொன்றிலும் பொதுத் தரவோடு வெளியான ஒரு கட்டுரையை எடுத்து, அதில் ஒரே ஒரு படத்தை நீங்களே திரும்பப் போட்டுப் பாருங்கள். தலா இரண்டு வாரம் போதும். படம் அச்சாக வரவேண்டும் என்ற அவசியமில்லை, பெரும்பாலும் வராது. ஏன் வரவில்லை என்று தோண்டும்போது எந்தத் துறையில் தூக்கம் மறந்தீர்கள், எதில் எரிச்சல் மட்டும் மிஞ்சியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு சேரப்போகும் லேப்பில் ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியா நீங்க நம்பின முடிவு எது தப்புன்னு தெரிஞ்சுது? எப்படித் தெரிஞ்சுது?" நான் ஒருமுறை இதைக் கேட்டபோது ஒருவர் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். இன்னொருவர் மடிக்கணினியைத் திறந்து, 'நம்பியவை' என்று பெயரிட்ட ஒரு ஃபோல்டரைக் காட்டினார். உள்ளே வருடவாரியாக நாற்பது ஐம்பது வரைபடங்கள். ஒவ்வொன்றின் பெயரிலும் எப்போது, யாரால் பிடிபட்டது என்று எழுதியிருந்தது. பாதிக்கு மேல் அவருடைய மாணவர்களின் பெயர்கள்.